மைப்புட்டியில் பிறந்த ஸ்டுடியோ: ஃப்ளைஷர் சகோதரர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாப்பாயைத் தெரியாதவர் இல்லை. கீரை டப்பாவை ஒரே அமுக்கில் பிதுக்கி வாயில் போட்டுக்கொள்ளும் அந்த மாலுமியைத் திரையில் முதன்முதலில் நடக்க வைத்தது யார் என்று கேட்டால் மட்டும், பத்தில் ஒன்பது பேர் வால்ட் டிஸ்னி என்கிறார்கள். நியூயார்க்கில் இருந்த ஃப்ளைஷர் ஸ்டுடியோ என்று சொன்னால், "அது எது?" என்று அடுத்த கேள்வி வரும். பழைய கார்ட்டூன் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

ஃப்ளைஷர் ஸ்டுடியோ என்பது எது? எப்போது இருந்தது?

மேக்ஸ் ஃப்ளைஷர், டேவ் ஃப்ளைஷர் என்ற அண்ணன் தம்பி நடத்திய அனிமேஷன் ஸ்டுடியோ. 1921இல் 'அவுட் ஆஃப் தி இங்க்வெல்' ('மைப்புட்டியிலிருந்து') என்ற பெயரில் தொடங்கியது. 1929இல் ஃப்ளைஷர் ஸ்டுடியோஸ் ஆனது. 1942இல் முழுவதுமாக அவர்கள் கையை விட்டுப் போனது. கோகோ கோமாளி, பெட்டி பூப், பாப்பாயின் முதல் படங்கள், சூப்பர்மேனின் முதல் கார்ட்டூன்கள் எல்லாம் இங்கிருந்து வந்தவை. 1930களில் டிஸ்னிக்கு நேருக்கு நேர் நின்ற போட்டியாளர் என்றால் இவர்கள்தான்.

மேக்ஸும் டேவும் எங்கிருந்து வந்தவர்கள்?

மேக்ஸ் 1883இல் போலந்தின் கிராகோவ் நகரில் பிறந்தவர். அப்போது அது ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசில் இருந்தது. யூதக் குடும்பம், அப்பா தையல்காரர். மேக்ஸுக்கு நாலு வயது இருக்கும்போது அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். பதினோரு வயது இளையவரான டேவ் நியூயார்க்கில் பிறந்தவர். புரூக்ளினில் வறுமையோடு வளர்ந்த குடும்பம் அது. மேக்ஸ் ஒரு புரூக்ளின் செய்தித்தாளில் எடுபிடியாகச் சேர்ந்து, படிப்படியாகக் கார்ட்டூன் ஓவியராகி, அப்புறம் பாப்புலர் சயின்ஸ் பத்திரிகையில் கலைப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். ஒரு கையில் தூரிகை, மறு கையில் ஸ்பேனர் என்று வாழ்ந்த மனிதர். எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் கழற்றி மாட்டிப் பார்க்கும் புத்தி குடும்பத்துக்கே உண்டு. இன்னொரு தம்பி ஜோ மின்வேலையில் கெட்டிக்காரர். லூ சங்கீதம் தெரிந்தவர்.

டேவ் வேறு ரகம். கோனி ஐலண்ட் கேளிக்கைப் பூங்காவில் கோமாளி வேடம் போட்டவர். மனிதர்கள் எங்கே சிரிப்பார்கள் என்பது அவருக்கு உடம்பிலேயே தெரியும். அண்ணனின் இயந்திரப் புத்தியும் தம்பியின் கோமாளிப் புத்தியும் சேர்ந்ததுதான் இந்த ஸ்டுடியோ. இரண்டில் எது குறைந்திருந்தாலும் இந்தப் படங்கள் வந்திருக்காது.

ரோட்டோஸ்கோப் என்கிறார்களே, அது எப்படி வேலை செய்யும்?

1910களில் வந்த கார்ட்டூன்களில் உருவங்கள் வெட்டி வெட்டி அசையும். நிஜ மனிதன் அசைவதுபோல் வழவழப்பாக ஏன் வரக்கூடாது என்று மேக்ஸ் யோசித்தார். டேவுக்குக் கோமாளி உடை மாட்டி, மொட்டை மாடியில் வெள்ளைத் துணிக்கு முன்னால் ஆடவிட்டுப் படம் பிடித்தார்கள். இருண்ட நிறத்தில் தொளதொள அங்கி, பெரிய பெரிய பொத்தான்கள். வெள்ளைக்கு எதிரே விளிம்பு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அந்த உடை.

அப்புறம் அந்தப் படச்சுருளை ஒரு ப்ரொஜெக்டரில் மாட்டி, கண்ணாடிப் பலகையின் பின்பக்கத்திலிருந்து ஒரே ஒரு ஃபிரேமை மட்டும் விழ வைப்பார்கள். கண்ணாடியின் மேல் காகிதம். விழுந்த உருவத்தின் விளிம்பைப் பென்சிலால் வரைய வேண்டும். வரைந்ததும் ஒரு ஃபிரேம் நகர்த்தி, அடுத்த காகிதம். இப்படி ஆயிரக்கணக்கான தாள்கள். பகல் வேலை முடித்துவிட்டு ராத்திரிகளில் செய்ததால், சில நிமிடம் ஓடக்கூடிய முதல் சோதனைப் படத்துக்கே ஏறக்குறைய ஒரு வருஷம் ஆயிற்று. 1915 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1917இல் கிடைத்தது.

இன்று ஒரு நடிகரின் உடம்பில் புள்ளிகளை ஒட்டி அவர் அசைவைக் கணினிக்குள் கொண்டுபோகிறார்களே, அந்த வேலையின் மூத்த பாட்டன் அந்தக் கண்ணாடிப் பலகை. டிஸ்னியின் ஸ்னோ ஒயிட் நடந்ததிலும் ஆடியதிலும் நிஜ நடிகையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு வரைந்த காட்சிகள் உண்டு.

கோகோ கோமாளி யார்?

அந்தக் கோமாளி உடைக்குள் இருந்த டேவ்தான். அவர் அசைவிலிருந்து பிறந்த உருவம் அது. மேக்ஸ் முதலில் ஜான் ப்ரே என்பவரின் ஸ்டுடியோவில் சேர்ந்து 1918 முதல் இந்தப் படங்களை எடுத்தார். முதல் உலகப் போரின்போது ராணுவத்துக்குப் பயிற்சிப் படங்களும் செய்து கொடுத்தார். 1921இல் சகோதரர்கள் தனியாகக் கடை போட்டார்கள். மன்ஹாட்டனில் ஒரு கட்டடத்தின் நிலவறை அறைதான் முதல் இடம். 1923இல் பிராட்வே 1600ஆம் எண் கட்டடத்துக்கு மாறினார்கள்.

படம் பெரும்பாலும் ஒரே மாதிரி தொடங்கும். நிஜ மேக்ஸ், நிஜ மேஜை முன் உட்கார்ந்திருப்பார். மைப்புட்டியில் பேனாவைத் தோய்ப்பார். மையிலிருந்து கோகோ வெளியே வருவான். வந்தவன் சும்மா இருக்கமாட்டான், மேஜை மேல் ஓடுவான், மேக்ஸோடு சண்டை போடுவான், சில படங்களில் தெருவுக்கே போய்விடுவான். கடைசியில் மறுபடியும் மைப்புட்டிக்குள் குதிக்க, மூடியைப் போட்டு அடைத்துவிடுவார்கள். படைத்தவனும் படைப்பும் ஒரே சட்டத்துக்குள் நின்று வம்பு வளர்ப்பதை நூறு வருஷத்துக்கு முன்பே எத்தனை சகஜமாகச் செய்திருக்கிறார்கள்! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த மூடி விழும் நொடியில் கொஞ்சம் மனசு கஷ்டப்படும்.

இன்னொரு விஷயமும் இந்த நாட்களில்தான் நடந்தது. 1923இல் சேர்ந்த டிக் ஹியூமர் என்ற ஓவியர் நன்றாகவும் வேகமாகவும் வரைந்தார். அவர் முக்கியமான நிலைகளை மட்டும் வரைந்தால் போதும், இடையில் வருபவற்றை உதவியாளர் நிரப்பட்டும் என்று மேக்ஸ் ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு அனிமேஷன் ஸ்டுடியோவிலும் 'இன்பிட்வீனர்' என்று ஒரு வேலை இருக்கிறதே, அது பிறந்த இடம் இந்த மேஜை என்று சொல்வார்கள்.

முதல் ஒலி கார்ட்டூன் டிஸ்னியின் 'ஸ்டீம்போட் வில்லி' இல்லையா?

இல்லை. 'ஸ்டீம்போட் வில்லி' வந்தது 1928 நவம்பரில். ஃப்ளைஷர் சகோதரர்கள் 1924இலேயே லீ டி ஃபாரஸ்ட் என்ற கண்டுபிடிப்பாளரின் ஃபோனோஃபிலிம் முறையில், அதாவது படச்சுருளிலேயே ஒலியைப் பதியும் முறையில், பாட்டுக் கார்ட்டூன்களை எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். 1926இல் வந்த ஒன்றில் ஒரு நாய் வாயசைத்து, பந்தைப் பின்தொடர்ந்து எல்லோரும் பாடுங்கள் என்று நம்மைப் பார்த்துச் சொல்லும். ஆனால் அந்த ஒலியைப் போட்டுக்காட்டும் கருவி மிகச் சில தியேட்டர்களில்தான் இருந்தது. மற்ற இடங்களில் ஊமைப் படமாகவே ஓடியது. டிஸ்னியின் படம் வந்தபோது தியேட்டர்களும் தயாராக இருந்தன, இசையும் அசைவும் ஒட்டிப் பிறந்ததுபோல் இருந்தன. பெயர் அங்கே போனது. முதலில் செய்தவருக்குப் பெயர் கிடைக்காமல் போவது இவர்கள் கதையில் இது ஒரு முறை மட்டும் நடந்ததல்ல.

'துள்ளும் பந்து' எப்படி எடுத்தார்கள்?

திரையில் பாட்டு வரி தெரியும், ஒரு வெள்ளைப் பந்து எழுத்துக்கு எழுத்து துள்ளிக்கொண்டே போகும், தியேட்டரே சேர்ந்து பாடும். இன்று கரோக்கியில் வரிகள் நிறம் மாறுகின்றனவே, அதன் முன்னோடி.

இதை வரையவில்லை என்பதுதான் ஆச்சரியம். பாட்டு வரிகளைக் கறுப்பில் வெள்ளையாக எழுதி ஒரு உருளையில் சுற்றியிருப்பார்கள். ஒருவர் உருளையைத் திருப்பி அடுத்த வரியைக் கொண்டுவருவார். இன்னொருவர் கறுப்புக் குச்சியின் நுனியில் வெள்ளைப் பந்தை வைத்துக்கொண்டு, தாளத்துக்கு ஏற்ப அசையின் மேல் தட்டிக்கொண்டே போவார். கேமரா அதை அப்படியே பிடிக்கும். குச்சியும் கையும் கறுப்புக்குள் மறைந்துவிடும், பந்து மட்டும் தெரியும். தாளம் தப்பினால் தியேட்டர் முழுக்கத் தப்பும் என்பதால் குச்சி பிடிக்கும் வேலை சங்கீதம் தெரிந்த லூவிடம் வந்தது. பந்து சில சமயம் ஒரு அசையில் கூடுதலாகத் தயங்கும், சில சமயம் சரியாக நடுவில் விழாது. ஒரு மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது அதில் தெரிகிறது.

பாரமவுண்ட் எப்போது உள்ளே வந்தது?

சகோதரர்கள் சொந்தமாக வைத்த விநியோக நிறுவனம் 1926இல் நொடித்தது. உதவிக்கு வந்த ஒரு முதலாளியின் கைக்குள் ஸ்டுடியோவே போய்விட்டது. 1929இல் வெளியே வந்து ஃப்ளைஷர் ஸ்டுடியோஸ் என்ற பெயரில் மறுபடி தொடங்கினார்கள். பாரமவுண்ட் என்ற பெரிய ஹாலிவுட் பட நிறுவனம் பணம் கொடுத்து, படங்களைத் தன் தியேட்டர்களில் ஓட்டும் என்பது ஏற்பாடு. படம் தயாரிக்க இவர்கள், அதன் உரிமை அவர்களுக்கு. அன்றைக்கு அது பெரிய நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். இந்த ஏற்பாட்டை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

பெட்டி பூப் முதலில் நாயாக இருந்தாளா?

ஆமாம். 1930 ஆகஸ்டில் வந்த ஒரு படத்தில் உணவு விடுதியில் பாடும் பாத்திரமாக வந்தாள். ஸ்டுடியோவின் நாயகன் அப்போது பிம்போ என்ற நாய், அவனுக்கு ஜோடி என்பதால் இவளுக்கும் தொங்கு காது. வரைந்தவர் கிரிம் நாட்விக். மற்றவர்கள் ரப்பர் குழாய்போல் கை கால் வரைந்துகொண்டிருந்தபோது, பெண்ணுடலின் எலும்பும் சதையும் தெரிந்து வரைந்தவர். 1932 வாக்கில் பெட்டி முழு மனுஷியானாள். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்: காதுகள் தொங்கிய அதே இடத்தில் வட்டக் காதணிகள் தொங்கும். நாய்க்காதுதான் நகையாகியிருக்கிறது.

நாட்விக் பிறகு டிஸ்னிக்குப் போய் ஸ்னோ ஒயிட்டை வரைந்தவர்களில் முக்கியமானவர் ஆனார். பெட்டியும் ஸ்னோ ஒயிட்டும் ஒரே கையின் பிள்ளைகள்.

பெட்டி பூப் மேல் ஒரு பாடகி வழக்குப் போட்டாராமே?

ஹெலன் கேன். 'பூப்-ஊப்-அ-டூப்' என்று குழந்தைக் குரலில் பாடிப் பிரபலமானவர். பெட்டி தன் நகல் என்று 1932இல் 2,50,000 டாலர் கேட்டு மேக்ஸ் மேலும் பாரமவுண்ட் மேலும் வழக்குப் போட்டார். 1934இல் விசாரணை. பேபி எஸ்தர் என்ற கறுப்பினச் சிறுமி ஹெலன் கேனுக்கு முன்பே இப்படிப் பாடினாள் என்ற சாட்சியம் வந்தது. கேன் தோற்றார். பெட்டியின் முகத்தில் கேனின் சாயல் இருக்கிறது என்பது பார்த்தாலே தெரியும். ஆனால் அந்தப் பாட்டு முறைக்குச் சொந்தக்காரர் என்று யாரையாவது சொல்வதானால், அந்தச் சிறுமியின் பெயரைத்தான் நான் முதலில் சொல்வேன். அவளுக்கு அதில் ஒரு காசும் வந்ததாகத் தெரியவில்லை.

ஜாஸ் இசைக்கும் இந்த ஸ்டுடியோவுக்கும் என்ன உறவு?

என்னைப் பொறுத்தவரை இந்த ஸ்டுடியோவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பிராட்வேயில் வேலை, சில மைல் தூரத்தில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியின் இரவு விடுதிகள். கேப் கேலோவே, லூயி ஆம்ஸ்ட்ராங் போன்ற ஜாஸ் கலைஞர்கள் பாரமவுண்டின் படங்களுக்கு வருவார்கள். அவர்களைப் படம் பிடித்து, அந்தப் பாட்டைச் சுற்றி ஒரு கார்ட்டூனையே கட்டினார்கள்.

1932இல் வந்த 'மின்னி தி மூச்சர்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நிஜ கேலோவே தன் குழுவுக்கு முன்னால் நின்று வழுக்கி வழுக்கி ஆடுகிறார். பிறகு கதை. சாப்பிடச் சொல்லித் திட்டும் பெற்றோர், அவர்கள் பேச்சில் குடியேறிய யூத வீட்டின் வாடை. கோபித்துக்கொண்டு பெட்டி வீட்டைவிட்டு ஓடுகிறாள். குகைக்குள் ஒரு பேய் வால்ரஸ், நீண்ட தந்தப் பல் கொண்ட கடல் விலங்கு, எதிரே வருகிறது. அது ஆடுவது கேலோவேயின் ஆட்டம், அடிக்கு அடி. ரோட்டோஸ்கோப்பில் அவருடைய உடம்பைப் பேயின் உடம்புக்குள் ஏற்றிவிட்டார்கள். சுற்றிலும் எலும்புக்கூடுகள் குடிக்கின்றன. ஒரு நிமிடம் முன்பு திரையில் பார்த்த மனிதர் இப்போது கொம்புப் பல்லோடு மிதந்து வருகிறார்.

1933இன் 'ஸ்னோ-ஒயிட்' இன்னும் ஒரு படி மேலே. டிஸ்னியின் முழுநீளப் படத்துக்கு நாலு வருஷம் முந்தையது, ஏழு நிமிடம்தான். ஸ்டுடியோவின் ஓவியர் ரோலண்ட் கிராண்டால் ஏறக்குறைய தனி ஆளாக ஆறு மாதம் வரைந்தார். அதில் கோகோ கேலோவேயின் குரலில் ஒரு சாவுப் பாட்டைப் பாடிக்கொண்டே பேயாக மாறுகிறான்.

1934க்குப் பிறகு பெட்டி ஏன் மாறிப்போனாள்?

அந்த ஆண்டு ஜூலை முதல் ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் கறாராக அமலாயின. பாவாடை நீண்டது, கழுத்து மூடியது, குரல் அடங்கியது. வீட்டு வேலை பார்க்கும் நல்ல பெண்ணாக, பட்ஜி என்ற நாய்க்குட்டியோடு வலம் வந்தாள். விநோதக் கருவிகள் செய்யும் கிராம்பி தாத்தா வரும் படங்கள் அழகானவைதான். ஆனாலும் பழைய பெட்டி அதில் இல்லை. 1939இல் அவள் படங்கள் நின்றன.

பாப்பாயை உருவாக்கியவர்கள் இவர்களா? கீரை யாருடைய யோசனை?

பாப்பாயை உருவாக்கியவர் இ. சி. சீகர் என்ற பத்திரிகைச் சித்திரக்காரர். 1929 ஜனவரியில் அவர் சித்திரத் தொடரில் ஒரு சில்லறைப் பாத்திரமாக வந்தான், பிறகு தொடரையே எடுத்துக்கொண்டான். அதற்கு உரிமை வாங்கி 1933 ஜூலையில் ஒரு பெட்டி பூப் படத்தில் அவனைத் திரைக்குக் கொண்டுவந்தார் மேக்ஸ்.

கீரை சீகரின் சித்திரங்களிலேயே உண்டு. ஆனால் அங்கே அது எப்போதாவது வரும். அடி வாங்கு, டப்பாவைத் திற, விழுங்கு, திருப்பி அடி என்ற வாய்ப்பாட்டை நிலைநிறுத்தியது ஃப்ளைஷர் படங்கள்தான். 1937இல் டெக்சஸ் மாநிலத்தின் கீரை விளையும் ஊரான கிரிஸ்டல் சிட்டியில் பாப்பாய்க்குச் சிலையே வைத்தார்கள்.

பாப்பாய் ஏன் எப்போதும் வாய்க்குள் முணுமுணுக்கிறான்?

அது வேலை நடந்த முறையால் வந்த வரம். டிஸ்னியில் குரலை முதலில் பதிவு செய்து, பிறகு அதற்கு வரைவார்கள். ஃப்ளைஷரில் தலைகீழ்: வரைந்து முடித்த படத்தைத் திரையில் ஓட்டி, அதைப் பார்த்துக்கொண்டே நடிகர்கள் பேசுவார்கள். வாயசைவு இல்லாத இடங்களிலும் மைக் முன் நிற்பவர் எதையாவது சேர்த்துவிடலாம். 1935 முதல் பாப்பாயின் குரல் ஜாக் மெர்சர். அதே ஸ்டுடியோவில் இன்பிட்வீனராக இருந்தவர். கதவைத் திறந்தால் ஒரு கமென்ட், படி இறங்கினால் ஒரு கமென்ட் என்று அவர் போட்டுக்கொண்டே போவார். பாப்பாயின் காதலி ஆலிவ் ஆயிலுக்கும் பெட்டிக்கும் குரல் கொடுத்தவர் ஒரே பெண்மணி, மே குவெஸ்டல்.

அந்தப் படங்களில் பின்னணி மட்டும் முப்பரிமாணமாகத் தெரிகிறதே, எப்படி?

ரயிலில் போகும்போது பக்கத்து மின்கம்பம் விருட்டென்று ஓடும், தூரத்து மலை கூடவே வரும். வரைந்த பின்னணியை நகர்த்தினால் இந்த வித்தியாசம் வராது. மேக்ஸ் என்ன செய்தார்? அட்டை, மரம், களிமண் எல்லாம் வைத்து ஒரு சிறிய ஊரையோ குகையையோ நிஜமாகவே செய்து, திரும்பும் மேடையில் வைத்தார். அதற்கு முன்னால் செங்குத்தான கண்ணாடிச் சட்டத்தில் பாப்பாய் வரைந்த செல்லுலாய்டு தாள். எதிரே கேமரா. ஒரு ஃபிரேம் எடுத்ததும் தாளை மாற்றி, மேடையைத் துளி திருப்பி, அடுத்த ஃபிரேம். ஏழு நிமிடப் படம் முழுவதற்கும் பத்தாயிரம் ஃபிரேம் வரும் என்பதால் முக்கியமான சில காட்சிகளுக்கு மட்டும் இதைச் செய்தார்கள்.

1936இல் வந்த பாப்பாய்-சிந்துபாத் வண்ணப் படத்தில் குகைக்குள் நடக்கும் காட்சி இந்த முறையின் உச்சம். பாறைகள் கண்முன் திரும்பும். அந்தப் படம் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது, விருது வழக்கம்போல் டிஸ்னிக்குப் போனது.

டிஸ்னியைவிட இவர்கள் மேலா, கீழா?

1932 முதல் 1939 வரை கார்ட்டூனுக்கான ஆஸ்கர் ஒவ்வொரு வருஷமும் டிஸ்னிக்கே போயிற்று. நல்ல மூவண்ண டெக்னிகலரைக் கார்ட்டூனுக்குப் பயன்படுத்தும் தனியுரிமை 1935 வரை அவர் கையில் இருந்தது. அதனால் இவர்கள் இருவண்ண முறைகளோடு மல்லாட வேண்டியிருந்தது. வரைதலின் நயத்தில், கதை சொல்லும் ஒழுங்கில் டிஸ்னி மேலே. அதை மறுக்க மாட்டேன். ஆனால் டிஸ்னி படம் பண்ணைவீட்டில் நடக்கும், இவர்கள் படம் ஒண்டுக்குடித்தனத்தில் நடக்கும். துணி காயும் கொடி, உடைந்த படிக்கட்டு, சண்டை, கடன், பேய். அந்த அழுக்கு இவர்களுடைய சொந்த அழுக்கு, அதனால்தான் உயிரோடு இருக்கிறது.

பெண்கள் வேலை பார்த்தார்களா?

மை போடுவதும் வண்ணம் தீட்டுவதும் பெரும்பாலும் பெண்கள். 1933இல் லிலியன் ஃப்ரீட்மன் அனிமேட்டராக உயர்ந்தார். அமெரிக்க ஸ்டுடியோ ஒன்றில் அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். அதே வேலைக்கு ஆண்களைவிட மிகக் குறைந்த சம்பளம்.

1937 வேலைநிறுத்தம் எதற்கு?

சம்பளத்துக்கு. கீழ்மட்டத்தில் வாரம் 15 டாலர் அளவில் வாங்கியவர்கள் இருந்தார்கள். நெருக்கடியான அறை, நீண்ட நேரம். 1935இல் ஒரு இளம் ஓவியர் காசநோயில் இறந்தது எல்லோர் மனதையும் உலுக்கியது. சங்கம் அமைத்தார்கள், சங்கத்தில் சேர்ந்தவர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1937 மே மாதம் பிராட்வே தெருவில் மறியல் தொடங்கியது. அமெரிக்க அனிமேஷன் துறையின் முதல் பெரிய வேலைநிறுத்தம் இது. பாப்பாய் பாட்டின் மெட்டிலேயே சங்கப் பாட்டுக் கட்டிப் பாடினார்கள், வெறும் கீரையை வைத்து வாழ முடியாது என்று. ஐந்து மாதம் கழித்து அக்டோபரில் சங்கம் ஏற்கப்பட்டது, சம்பளமும் கூடியது.

மேக்ஸ் தன்னை எல்லோருக்கும் அப்பாபோல நினைத்துக்கொண்டிருந்தவர். பிள்ளைகளே வாசலில் கொடி பிடித்து நிற்கிறார்கள் என்று அவர் நொந்துபோனார். அந்த நோவு எனக்குப் புரிகிறது. ஆனால் நியாயம் வாசலில் நின்றவர்கள் பக்கம்தான்.

நியூயார்க்கை விட்டு மயாமிக்கு ஏன் போனார்கள்?

இரண்டு காரணம். ஃப்ளோரிடாவில் வரிச் சலுகை உண்டு, சங்கங்களின் பிடி தளர்வு. அப்புறம், 1937 டிசம்பரில் வந்த 'ஸ்னோ ஒயிட்' வசூலை அள்ளியதும் பாரமவுண்ட் தனக்கும் ஒரு முழுநீளப் படம் வேண்டும் என்றது, அதற்கு இடம் தேவைப்பட்டது. 1938 இலையுதிர் காலத்தில் குளிர்சாதனம் போட்ட புதுக் கட்டடம் திறந்தது. உள்ளூர் மாணவர்கள், ஹாலிவுட்டிலிருந்து அதிகச் சம்பளத்துக்கு இழுத்து வந்தவர்கள் என்று பல நூறு பேர் கூடினார்கள்.

'கலிவரின் பயணங்கள்' 1939 கிறிஸ்துமஸுக்கு வந்தே தீர வேண்டும் என்பது உத்தரவு. வந்தது. சாம் பார்க்கர் என்ற வானொலிக்காரரைப் படம் பிடித்து ரோட்டோஸ்கோப்பில் கலிவரை வரைந்தார்கள். கரையில் கிடக்கும் அவனைக் குட்டி மனிதர்கள் கயிறு போட்டுக் கட்டும் காட்சியில், ஒவ்வொரு முடிச்சும் ஒரு எந்திரவியல் கணக்கு. பழைய மேக்ஸ் அங்கே தெரிகிறார். மற்ற இடங்களில் படம் டிஸ்னியின் குரலில் பேச முயல்கிறது, குரல் ஒட்டவில்லை. உள்நாட்டில் நன்றாகவே ஓடியது. செப்டம்பரில் ஐரோப்பாவில் போர் மூண்டுவிட்டதால் வெளிநாட்டு வசூல் போயிற்று. செலவு வரம்பை மீறியதும் கடனாக ஏறியது.

சூப்பர்மேனைப் பறக்க வைத்தது இவர்கள்தானா?

காமிக்ஸில் அவர் தாவுவார். அனிமேஷனில் அது வெட்டுக்கிளிபோல் இருந்ததால் பறக்கவிட்டார்கள் என்பது பிரபலமான கதை. பறக்கும் சூப்பர்மேன் திரையில் நிலைத்தது இந்தப் படங்களால்தான். பாரமவுண்ட் கேட்டபோது, வேண்டாம் என்று போய்விடட்டும் என நினைத்து டேவ் ஒரு படத்துக்கு 1,00,000 டாலர் என்றாராம். அவர்கள் பாதி விலைக்குப் பேசி முடித்தார்கள். அதுவே ஒரு பாப்பாய் படத்தைப்போல் பல மடங்கு. 1941 செப்டம்பரில் முதல் படம். நீண்ட நிழல்கள், உலோகப் பளபளப்பு, ராத்திரி நகரம். வந்த 17 படங்களில் முதல் ஒன்பது ஃப்ளைஷர்கள் கைப்பட வந்தவை. நகை திருடும் பறக்கும் ரோபோக்கள் வரும் படத்தைப் பார்த்துவிட்டு, ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் ரோபோக்களைப் பாருங்கள். உறவு தெரியும்.

அப்புறம் ஏன் மூடினார்கள்?

மேலே சொன்ன ஏற்பாடு நினைவிருக்கிறதா? படங்களின் உரிமை பாரமவுண்டிடம், கடன் ஃப்ளைஷர்களிடம். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதும் அதற்குள் நின்றுவிட்டது. ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பினார்கள். 1941 மே மாதம் பாரமவுண்ட் கடனைக் காட்டி ஸ்டுடியோவை எடுத்துக்கொண்டது. இருவரும் சம்பளக்காரர்களாகத் தொடர்ந்தார்கள், தேதி போடாத ராஜினாமாக் கடிதங்களில் கையெழுத்து வாங்கிக்கொள்ளப்பட்டது.

கடைசி முழுநீளப் படம் 'மிஸ்டர் பக் கோஸ் டு டவுன்'. பிராட்வே பக்கத்துக் காலி மனையில் வாழும் பூச்சிகள், மேலே எழும்பப்போகும் வானளாவிய கட்டடத்தால் வீடிழக்கின்றன. மயாமியில் உட்கார்ந்துகொண்டு தாங்கள் விட்டு வந்த தெருவை வரைந்திருக்கிறார்கள். முன்னோட்டக் காட்சி 1941 டிசம்பர் 5. இரண்டு நாள் கழித்து அமெரிக்காவின் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு, நாடே போரில் இறங்கியது. படம் கவனிப்பாரின்றிப் போனது. டேவ் அதற்குள் ஹாலிவுட் போய்விட்டார். கடிதங்களில் தேதி ஏறியது. 1942இல் ஸ்டுடியோவின் பெயர் ஃபேமஸ் ஸ்டுடியோஸ் என்று மாறியது. பொறுப்பில் வந்தவர்களில் மேக்ஸின் மருமகன் சீமோர் நைட்டலும் ஒருவர். அடுத்த ஆண்டு எல்லோரும் நியூயார்க் திரும்பினார்கள், மேக்ஸ் மட்டும் அவர்களில் இல்லை.

மேக்ஸ் பிறகு என்ன செய்தார்?

டெட்ராய்ட்டில் ஜாம் ஹேண்டி நிறுவனத்தில் பயிற்சிப் படங்கள், விளம்பரப் படங்கள். 1948இல் ருடால்ஃப் என்ற சிவப்பு மூக்கு மானின் கதையை முதலில் படமாக்கியவர் அவர்தான். மகன் ரிச்சர்ட் இயக்குநரானார். 1950களில் ரிச்சர்டைப் படம் இயக்க அழைத்தவர் யார் தெரியுமா? வால்ட் டிஸ்னி. அப்பாவிடம் சொல்லாமல் ஒப்புக்கொள்ள முடியாது என்று மகன் கேட்க, கட்டாயம் போ என்றார் மேக்ஸ். பிறகு மேக்ஸே டிஸ்னி ஸ்டுடியோவுக்குப் போய் வால்ட்டைச் சந்தித்தார். அங்கே வேலை பார்த்த பழைய ஃப்ளைஷர் ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். 1972இல் மேக்ஸ் காலமானார், 1979இல் டேவ்.

டிவியில் பார்த்த பாப்பாய் ஏன் இவ்வளவு நன்றாக இல்லை?

பாப்பாயின் பெயரில் பிற்காலத்தில் பலர் படம் எடுத்தார்கள், நீங்கள் பார்த்தது அவையாக இருக்கலாம். ஃப்ளைஷர் படங்களேயானாலும் 1980களில் கறுப்பு வெள்ளையை வண்ணமாக்குகிறோம் என்று ஒவ்வொன்றையும் கொரியாவில் திரும்ப வரைய வைத்தார்கள். அந்தச் சாம்பல் நிறப் பின்னணிகள் தட்டையான பூச்சாயின. 1950களில் டிவிக்கு விற்றபோது பாரமவுண்ட் முத்திரையை மறைக்கத் தலைப்புகளையும் வெட்டினார்கள். மூலத்திலிருந்து மீட்டெடுத்த கறுப்பு வெள்ளைப் பிரதிகளைத் தேடிப் பாருங்கள்.

குழந்தைகளுக்குக் காட்டலாமா?

பாப்பாய் வண்ணப் படங்களைத் தாராளமாக. பெட்டியின் 1934க்கு முந்தைய படங்கள் பெரியவர்களுக்காக எடுத்தவை. கறுப்பின மக்களைக் கேவலமாக வரைந்த காட்சிகளும் சிலவற்றில் இருக்கின்றன. ஆம்ஸ்ட்ராங் பாடும் படத்திலேயே, அவரைக் காட்டுவாசியின் தலையாக வரைந்து பறக்கவிட்டிருக்கிறார்கள். அந்த இசையை நேசித்தவர்கள்தான் அதையும் வரைந்தார்கள். பார்ப்பதற்கு வலிக்கும். வளர்ந்த பிள்ளை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து, இது தப்பு என்று பேசிக்கொண்டே பார்க்கலாம்.

முதலில் எதைப் பார்ப்பது?

'மின்னி தி மூச்சர்', சிந்துபாத், சூப்பர்மேன் ரோபோ படம். இந்த மூன்றும் பிடித்தால் 1938இன் 'கூன்லேண்ட்'. அப்பாவைத் தேடி ஒரு தீவுக்குப் போகும் பாப்பாய் அங்குள்ள ராட்சதர்களோடு மோதுகிறான். சண்டையின் வேகம் தாங்காமல் படச்சுருளே நடுவில் கிழிந்துவிடும். திரை வெள்ளையாகும். அப்போது நிஜ மனிதனின் இரண்டு கைகள் உள்ளே வந்து, கிழிந்த இரு முனைகளையும் இழுத்துப் பிடித்து ஒரு ஊக்கைக் குத்தும். சண்டை தொடரும்.